கூச்சக் கழிவு

ஒரு பெண் வெட்கப்பட்டால் அவள் நெஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை முறை கூடுதலாக அடித்துக்கொள்ளும்? இருபத்திரண்டு முறை. நாலாயிரத்துச் சொச்சம் கர்ப்பிணிகளை அளந்து கண்டுபிடித்த கணக்கு இது. அளந்தது இயந்திரம், அளக்கச் சொன்னது மங்கையர்க்கரசி.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பிரசவ வார்டில் பதினெட்டு வருஷம் நர்ஸாக நின்று முழங்கால் தேய்ந்த பிறகு, திருநெல்வேலியில் புதிதாகத் திறந்த தொலைக் கவனிப்பு மையத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தாள். நின்றுகொண்டே பார்த்த வேலையை இனி உட்கார்ந்து பார்க்கலாம் என்பதில் அவளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். ஐந்தாம் மாதம் பிறந்ததும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு துணிப்பட்டையும் கேமரா வைத்த கையகலப் பெட்டி ஒன்றும் வீட்டுக்குப் போய்விடும். பட்டையைப் பகலெல்லாம் மார்புக்குக் கீழே கட்டிக்கொள்ள வேண்டும். காலையிலும் மாலையிலும் பெட்டி நாலு கேள்வி கேட்கும், இதயத்தைக் கேட்டுக்கொள்ளும். துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் மட்டும் அந்த ஒலி இதய மருத்துவரின் காதுக்குப் போகும். தாண்டாவிட்டால் பச்சை விளக்கு. மூன்று மாவட்டத்துக்கு இதய மருத்துவர் ஒரே ஒருவர் என்றால் வேறு என்னதான் செய்வது?

முதல் மாதம் எங்கு பார்த்தாலும் சிவப்பு. பெட்டி கண்ணைத் திறந்த உடனே பெண்களின் துடிப்பு நூற்றிருபது, நூற்றுமுப்பது என்று எகிறியது. தென்காசிப் பக்கம் ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் அள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். ஊர் திரும்பியவளை, "வளைகாப்புக்கு முன்னாலயே ஊர்வலம் போயிட்டு வந்துட்டா" என்று தெருவே கேலி பேசியது. அவள் பட்டையைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டாள்.

சென்னையிலிருந்து பொறியாளர்கள் வந்து தலையைச் சொறிந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அரசி எழுந்தாள்.

"அது நோய் இல்ல சார், வெக்கம். சேலைய வெலக்கிப் பட்டையக் கட்டிக்கிட்டு, முகந்தெரியாத குரலுக்குப் பதில் சொல்லணும். அடுப்படியில மாமியார் காதத் தீட்டிக்கிட்டு நிக்காங்க. உங்களுக்கே படபடன்னு அடிக்கும். அந்தப் படபடப்பக் கழிச்சுட்டுக் கணக்குப் போடுங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு கழித்தார்கள். நிரஞ்சன் என்ற இளம் பொறியாளன் அதற்குக் 'கூச்சக் கழிவு' என்று பெயரே வைத்துவிட்டான். பொய் அபாயங்கள் சடசடவென்று குறைந்தன. ஆண்டு விழாவில் அரசிக்குக் கேடயம் கொடுத்தார்கள். நம்ம ஊர்ப் பெண்ணின் மனசு தெரிந்த இயந்திரம் என்று மேடையில் பேசினார்கள். அது பேசுகிற குரலும் நம்ம ஊர்க் குரலாக இருக்கட்டுமே என்று அவள் குரலையே பதிவு செய்தார்கள். "பயப்படாதீங்கம்மா, இது நோய் இல்ல. கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்." இந்த வாக்கியத்தை எழுதியதும் அவள்தான், வாஞ்சை சொட்டச் சொட்டப் பேசியதும் அவள்தான். கேடயத்தைக் கையில் வைத்திருக்கிறவளிடம் போய் யார் குறை சொல்வார்கள்? அவளும் தன்னையே ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சில கர்ப்பிணிகளை மனுஷர் யாராவது வீடியோவில் கூப்பிட்டு, "பெட்டி எப்படி இருக்கிறது, உங்களுக்கு வசதியாக இருக்கிறதா" என்று பத்துக் கேள்வி கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். திருப்தி, மிக்க திருப்தி என்று வட்டம் போடுகிற வேலை. ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அரசி கூப்பிட்ட நாலாவது பெண்ணின் பெயர் பேச்சித்தாய். கடையம் பக்கத்துச் சிற்றூர். வயது இருபத்துமூன்று, தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். கணவன் கொல்லத்தில் கொத்துவேலை. பெட்டியில் எல்லா நாளும் பச்சை.

திரையில் ஒரு வீட்டின் முன்னறை தெரிந்தது. நாலைந்து பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சி சுவரோரம் இரண்டு அரிசி மூட்டைகளில் சாய்ந்திருந்தாள். அவள் தட்டில் இலை வெட்டியது வெட்டியபடியே கிடந்தது.

"நல்லாருக்கியாம்மா?"

"ம்."

"பெட்டி பேசுறதெல்லாம் புரியுதா?"

"புரியுது."

"ஏட்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? கேக்காகல்ல, நாலு வார்த்த சொல்லேன்" என்று பக்கத்திலிருந்தவள் சீண்டினாள். அவள் பேச்சியின் நாத்தனார் கோமதி. கை பீடியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. "அவளுக்கு ஆளக் கண்டாலே கூச்சம் மேடம். ஒங்க பெட்டியே சொல்லிட்டு. தெருவுல இவளுக்குப் பேரே கூச்சப்பேச்சிதான்."

பெண்கள் சிரித்தார்கள். அரசியும் சிரித்தாள். பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆறாவது கேள்வி தூக்கம் பற்றியது.

"ராத்திரி நல்லாத் தூங்குறியா?"

"ம். சாஞ்சுதான்."

"சாஞ்சுன்னா?"

பேச்சி மூட்டையைத் தொட்டுக் காட்டினாள். "படுத்தா ஒரு மாதிரியா இருக்கு."

அரசியின் பேனா தாளில் நின்றது. வட்டம் போடுகிற கை வேறு, பதினெட்டு வருஷம் வார்டில் நின்ற காது வேறு. படுத்தால் மூச்சுக் கட்டுகிறவள்தான் மூட்டையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தே தூங்குவாள். 'ஒரு மாதிரியா இருக்கு' என்று நம் பெண்கள் சொன்னால் அதற்குள் வாயுப்பிடிப்பும் இருக்கலாம், எமனும் இருக்கலாம். படித்த நர்ஸ் அதைத் தோண்டிக் கேட்க வேண்டும். பெட்டி அதை 'குறிப்பிட்ட தொந்தரவு இல்லை' என்று பதிந்திருந்தது.

"ஒரு நிமிஷம்மா, இரு" என்று சொல்லி, கழிவு போடாத எண்ணைத் திறந்தாள். மேற்பார்வையாளருக்கு மட்டும் அந்தச் சாவி உண்டு. இரண்டு வருஷத்தில் அவள் அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

நூற்றுமுப்பத்திரண்டு. கழிவு முப்பத்தாறு. காட்டியது தொண்ணூற்றாறு. பச்சை.

அழைப்பை வைத்துவிட்டு நிரஞ்சனைக் கூப்பிட்டாள்.

"இருபத்திரண்டுதானேப்பா கழிக்கச் சொன்னோம்? முப்பத்தாறு எங்கிருந்து வந்துச்சு?"

"அது சராசரி மேடம். ஆளுக்கு ஆள் மாறும். நீங்கதானே சொன்னீங்க, எல்லாரும் ஒரே மாதிரி வெட்கப்பட மாட்டாங்கன்னு? அதனால அதுவே கத்துக்கிட்டு அளவு போடும்."

"எதை வச்சுக் கத்துக்குது?"

"குரல் எவ்வளவு தாழ்ந்திருக்கு, பதில் எத்தனை வார்த்தை, முகத்தத் திருப்பிக்கிறாங்களா, இதெல்லாம்தான். வாயாடிக்குப் பத்துதான் கழியும். வாயே திறக்காதவங்களுக்கு நாற்பது வரைக்கும் போகும். அப்புறம், 'கூச்சமா இருக்கா'ன்னு பெட்டி கேட்கும். ஆமான்னு சொல்லிட்டா உறுதியாயிடும்." திரையில் எதையோ தட்டிப் பார்த்தான். "இந்தப் பொண்ணு ஆமான்னு சொல்லியிருக்கு மேடம். தினமும்."

"அப்படின்னா, எவ வாயில்லாப் பூச்சியோ அவ நெஞ்சத்தான் நாம ரொம்பக் கழிச்சிருக்கோம்."

நிரஞ்சன் தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டான். கெட்டிக்காரப் பையன், புரிந்துவிட்டது.

அரசிக்கு முகம் எரிந்தது. கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி அறையில் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அதுவும் அவமானமாக இருந்தது. பெண்களின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவர்கள் உயிரில் கையை வைத்திருக்கிறாள்.

மறுபடி பேச்சியைக் கூப்பிட்டாள். இங்கேதான் அவள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். உண்மையை அப்படியே போட்டு உடைத்திருந்தால் அவளைப் பற்றி இத்தனை நீட்டிச் சொல்ல வேண்டியிருக்காது.

"பேச்சி, சும்மா ஒரு வழக்கமான சோதனைம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும். வண்டி அனுப்புறேன்" என்றாள், பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து.

"வேண்டாம்."

"ஏம்மா?"

பேச்சி மூச்சை இழுத்துக்கொண்டாள். "பச்ச வெளக்குதான எரியுது."

கோமதி இடையில் புகுந்தாள். "அது வேறொண்ணுமில்ல மேடம். அஞ்சாம் மாசம் ஒருநாள் நெஞ்சு அடைக்குன்னு இவ பெட்டிகிட்ட சொன்னா. நாங்க அம்புட்டுப் பேரும் பயந்துபோயி நிக்கோம். பெட்டி என்ன சொல்லிச்சு? நோயில்ல, கூச்சம்ங்கு. தெருவே சிரிச்சுட்டு. அன்னையில இருந்து இவ ஆஸ்பத்திரின்னு வாயத் தெறக்கதில்ல. இப்ப வண்டி வந்தா, கூச்சத்துக்கு ஊசி போடப் போறாளான்னு கேக்க மாட்டாவளா?"

"திங்கக்கெழம வாரேன்" என்றாள் பேச்சி, பேச்சை முடித்துவிட.

அரசி என்ன சொல்லியிருக்க வேண்டும்? பச்சை விளக்கு பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எல்லா அழைப்பும் பதிவாகிறது. பொய் யாருடைய பொய் என்று அடுத்த கேள்வி வரும். கேடயம், மேடை, மாவட்டம் மாவட்டமாகப் போன சுற்றறிக்கை, அதில் அச்சான தன் பெயர் எல்லாம் கண்முன் வந்து நின்றன. "சரிம்மா, திங்கக்கிழமை கட்டாயம் வந்துடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம். திறந்து வைத்த எண் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுமுப்பத்தாறு. எட்டு மாத வயிறு, அடைத்துக்கொண்ட நெஞ்சு, நடுவில் மூன்று ராத்திரி. திங்கட்கிழமை வருவாளா, வரமாட்டாளா? வார்டில் இப்படி ஒரு பெண்ணை இன்னொரு நர்ஸ் திருப்பி அனுப்பியிருந்தால், "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று இதே அரசி கேட்டிருப்பாள். கேட்கவும் செய்திருக்கிறாள்; ஒரு தடவை, பத்துப் பேர் முன்னால்.

டப்பாவை மூடினாள்.

இந்தத் தடவை கோமதியைக் கூப்பிட்டாள். "சத்தத்தைக் கூட்டி வைங்க. அங்க இருக்கிற எல்லாரும் கேட்கணும்."

"ஏளா, பெட்டி பேசப் போகுதாம், கேளுங்க" என்றாள் கோமதி.

"பெட்டி இல்லம்மா. பெட்டியில பேசுறது என் குரல்தான். நான் மங்கையர்க்கரசி. நர்ஸ்." குரல் பிசிறியது. "பேச்சிக்குக் கூச்சம்னு அன்னைக்குச் சொன்னது நான். அது தப்பு. அவ நெஞ்சு நூத்திமுப்பத்தாறு அடிக்குது. பெட்டி அதுல முப்பத்தாற வெட்டிட்டு ஒங்களுக்குக் காட்டுது. அப்படி வெட்டச் சொன்னதும் நான்தான். பொண்ணுங்க வெட்கத்துலதான் படபடக்குதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அவ சொன்னது அத்தனையும் நிசம். அவளுக்கு நெஞ்சுல கோளாறு இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் முந்தி வழக்கமான சோதனைன்னு சொன்னேனே, அதுவும் பொய். மானம் போயிடும்னுதான் அப்படிச் சொன்னேன். என் மானந்தான்."

முன்னறையில் ஒரு கையும் அசையவில்லை. கோமதிதான் கேட்டாள்.

"அப்பம் அவ சொன்னது நெசமா?"

"நிசம்."

"நாங்களும்லா சிரிச்சோம்."

கோமதி தட்டைத் தள்ளினாள். மடியிலிருந்த தூள் தரையெல்லாம் கொட்டியதைக் கவனிக்கவில்லை. பேச்சியின் தோளை அணைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, "வண்டிய அனுப்புங்க" என்றாள். மேடம் என்று சொல்லவில்லை. அரசிக்கு அது உறைத்தது. உறைக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் இதய மருத்துவர் பார்த்துவிட்டார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் பேச்சியின் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. இத்தனை நாளும் அது பாட்டுக்குக் கிடந்தது. இரண்டு உயிருக்கு ரத்தம் இறைக்க வேண்டி வந்ததும் திணறியது. நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் தாயுமில்லை, பிள்ளையுமில்லை என்றார். நீரை வடித்து, மறுநாள் தொடை ரத்தக்குழாய் வழியாகச் சின்னப் பலூனை விட்டு வால்வை விரித்தார்கள். வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டு நன்றாகவே இருந்தது.

அதற்குள் நிரஞ்சன் கழிவை நிறுத்திவிட்டிருந்தான். நிறுத்தியதும் மூன்று மாவட்டத்திலும் அறுபத்தொரு பச்சை சிவப்பானது. அறுபத்தொரு பேருக்கும் வண்டி போனது. மையத்தில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. அரசி நடந்ததை எழுதிக் கொடுத்தாள். 'என் யோசனை' என்று எழுதின இடத்தில் ஒருவர், 'எங்கள் யோசனை' என்று திருத்தலாமே என்றார். அவள் திருத்தவில்லை. நல்லவளாகிவிட்டதால் அல்ல, இனியும் பங்கு போட்டுக்கொண்டால் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாது என்பதால்.

நாலாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு 'ம்' என்பாள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று மனசின் ஒரு மூலையில் நினைப்பும் இருந்தது.

வார்டு வாசலிலேயே ஒரு குரல் கேட்டது. யாரோ ஒருத்தி டீக்காரம்மாவிடம் மல்லுக்கு நின்றாள்.

"இது டீயா? ஏக்கா, ஒரு தேயிலையக் காட்டிட்டுத் தண்ணிய ஊத்துனா டீயாயிருமா? எங்கூர்ல மாடு குடிக்காது இத. சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன். நேத்து நல்லாத்தான போட்டிய, இன்னைக்கு என்ன வந்துச்சு?"

வார்டே சிரித்தது. டீக்காரம்மாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அங்கிருந்த நர்ஸிடம் அரசி, "பேச்சித்தாய் எந்தக் கட்டில்?" என்று கேட்டாள்.

"நல்லாக் கேட்டீங்க. கேட்குதுல்ல சத்தம், அதேதான். மூணு நாளா வாயே மூடல. பக்கத்துக் கட்டில் அம்மா காதுல பஞ்சு வச்சிருக்காங்க."

அரசி கட்டிலருகே போய் நின்றபோது பேச்சி திரும்பிப் பார்த்தாள். மல்லாந்து படுத்திருந்தாள்; தலைக்குக் கீழே ஒரே ஒரு தலையணை.

"வாங்க மேடம். உக்காருங்க. கோமதி மைனி இப்பத்தான் பல்லு வெளக்கப் போனாவ, அவுக ஒங்கமேல இன்னும் கோவமாத்தான் இருக்காவ, கண்டுக்கிடாதிய. டாக்டர் சொன்னாரு, நீங்க கூப்பிடலன்னா நான் கோவிந்தாவாம். டீ குடிக்கீயளா? வேண்டாம், இது ஆகாது."

"பேச்சி," என்றாள் அரசி. ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "நீ இவ்வளவு பேசுவியா?"

"நானா? எங்க அம்மா வீட்டுல என்னைய வானொலின்னுதான் கூப்பிடுவாவ. கல்யாணமாகி வந்த ரெண்டாம் மாசமே உண்டாயிட்டேன். பெறவு ஒவ்வொரு மாசமா மூச்சு கொறஞ்சுட்டே போச்சு. இந்த ஊர்க்காரியளுக்கு என் பேச்சத் தெரியாது. ஊமச்சின்னே நெனச்சுட்டாளுவ."

"வெட்கப்பட்டுத்தான் பேசலன்னு..."

"வெக்கமா? எனக்கா?" பேச்சி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தாள். "வெக்கம் வந்துச்சுதான். அது பெறவு. நீங்க கூச்சம்னு சொல்லி அத்தன பேரும் சிரிச்சாவல்ல, அப்பந்தான் வந்துச்சு. அதுக்கு முந்தி இல்ல."

அரசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் தாழ்வு, பதில் சுருக்கம், மூச்சு வாங்க முகத்தைத் திருப்பிக்கொள்வது. மூன்றும் மூச்சுத் திணறலின் அடையாளம் என்று முதல் வருஷ நர்ஸுக்குக்கூடத் தெரியும். நோயையே எடுத்து நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு பதில்தானே எல்லாவற்றையும் உறுதியாக்கியது?

"பெட்டி தினமும் கேட்டுச்சேம்மா, கூச்சமா இருக்கான்னு. நீ ஏன் ஆமான்னு சொன்ன?"

பேச்சி அவளை, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஆமான்னா ஒத்த வார்த்த மேடம். இல்லன்னு சொன்னா, பெறவு என்னன்னு கேப்பிய. அதச் சொல்ல மூச்சு வேணும்லா?"